பூமி இல்லாத வீடு

என் ஸ்பீக்கரில் இரைச்சல் இருந்தது. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாற்பத்தொரு நாள் என்னைச் சுற்றியிருந்த எல்லோரும் அது இல்லை என்று சாதித்தார்கள். எல்லோரும் என்றால் இரண்டு பேர். ஒருத்தி என் மனைவி, இன்னொருவன் என் மகன்.

நாங்கள் அப்போது கிள்ளானில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது மாடியில் இருந்தோம். நானும் அவளும் மட்டும். நான் முப்பத்தொரு வருடம் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டையையும் டிரம்மையும் பெட்டியையும் எண்ணி எழுதுவதுதான் வேலை. ஆயிரத்து இருநூறு மூட்டையில் ஒன்று குறைந்தால் கப்பல்காரன் ஒன்று சொல்வான், லோரிக்காரன் ஒன்று சொல்வான். கடைசியில் என் தாளில் இருப்பதுதான் நிற்கும். அப்படி இருந்த ஒருவனிடம், இருப்பதை இல்லை என்று சொல்வது எவ்வளவு பெரிய அவமானம் என்று யாரும் யோசிக்கவில்லை.

மகன் செமினியில் தரைவீடு வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறான். மாதத்துக்கு ஒரு முறை வருவான். அவன் அலுவலகத்தில் புது லேப்டாப் கொடுத்ததும் பழையதை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தான். அலுமினிய உடம்பு, பார்க்க நன்றாக இருந்தது. அதற்கென்று நான் ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கி, மூலை அறையில் மேசை போட்டு வைத்தேன். வீணை கேட்பதற்கு. எனக்குப் பாட்டு ஆகாது. பாட்டில் யாராவது ஒருவர் எதற்காவது அழுதுகொண்டிருப்பார், அல்லது எனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பார். வீணை யாருக்கும் எதுவும் சொல்வதில்லை.

ஆனால் வீணைக்கு அமைதி வேண்டும். ஒரு மீட்டு மீட்டினால் அந்த நாதம் மெல்ல மெல்லத் தேய்ந்து போகும். அந்தத் தேய்வில்தான் விஷயமே இருக்கிறது. என் ஸ்பீக்கரில் நான் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணுவதற்குள் நாதத்தை இரைச்சல் விழுங்கிவிடும். ‘ங்ங்ங்’ என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். மவுஸை நகர்த்தினால் அதன்மேல் ‘கிர்ர்’ என்று இன்னொன்று. வண்டு ஒன்று பெட்டிக்குள் மாட்டிக்கொண்டது போல.

மகன் வந்தபோது சொன்னேன். அவன் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டான். தன் கைபேசியை ஸ்பீக்கரில் மாட்டிப் பார்த்தான். சத்தம் இல்லை.

“ஸ்பீக்கர் ஓகேப்பா. லேப்டாப் சவுண்டு கார்டு மட்டம். வெளிய ஒண்ணு வாங்கி மாட்டுங்க. சின்னது போதும்.”

லேப்டாப்பை மாட்டிக் கேட்க அவனுக்கு இரண்டு நிமிடம் இல்லை. லிப்ட் அன்றைக்கு ஓடவில்லை, கீழே குழந்தைகள் காரில் காத்திருக்கிறார்கள் என்று இறங்கிப் போய்விட்டான்.

சின்னது வாங்கினேன். கட்டைவிரல் அளவில் ஒரு யூஎஸ்பி சவுண்டு கார்டு. மாட்டினேன். இரைச்சல் அப்படியே இருந்தது. சின்னது வாங்கியதுதான் தப்பு என்று நினைத்து, பெரியது எதை வாங்குவது என்று படிக்க ஆரம்பித்தேன். பதினேழு மாடல்களை ஒரு நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையில் எத்தனை டெசிபெல். எண்கள் இருக்கும்வரை எனக்குப் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு வீடியோவில் வந்து விளக்கம் சொல்பவர்கள்தான் தாங்கவில்லை. ஒருவனுக்கு ஒலி ‘சூடாக’ இருந்ததாம். இன்னொருவன், இந்தப் பெட்டியில் ‘காற்றோட்டம்’ அதிகம் என்றான். பதினோரு நிமிட வீடியோவில் ஒன்பது நிமிடம் அட்டைப்பெட்டியைப் பிரித்தான். இவர்களில் ஒருவன்கூட, இரைச்சல் போகுமா போகாதா என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லவில்லை.

கடைசியில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கணினியின் எண்களை ஒலியாக மாற்றித் தரும் தனிப் பெட்டி. அவர்கள் அதை டாக் என்கிறார்கள். உலோக உடம்பு, முன்னால் ஒரு திருகு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மேல்மாடியில் ஒரு சீனர் நடத்தும் ஆடியோ கடையில் வாங்கினேன். ரயிலில் போய், ரயிலில் வந்து, மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மாட்டினேன்.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ங்ங்ங்.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“கேக்குது இல்ல?”

“என்ன கேக்குது?”

“இரைச்சல்.”

“வீணதான் கேக்குது.”

“வீணைக்குப் பின்னால.”

“பின்னால சுவருதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மகனுக்குப் போன் செய்தேன். போனை ஸ்பீக்கரின் வாய்க்கு நேராகப் பிடித்தேன். “இப்பக் கேளு” என்றேன்.

“வீண மட்டும்தான்ப்பா கேக்குது. கிளியரா இருக்கு.”

இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது: இந்தக் காலத்துப் போன்கள் பேச்சின் பின்னாலிருக்கும் இரைச்சலைத் தாமாகவே வடிகட்டிவிடுமாம். அன்றைக்கு எனக்கு அது தெரியாது, அவனுக்கும் தெரியாது. அவன் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னான். அவள் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்க் குரலைத் தாழ்த்தினாள். “இல்லடா. எனக்கு ஒண்ணுமே கேக்கல. இவருதான் தினமும் சொல்லிட்டிருக்காரு” என்றாள். தாழ்த்திய குரலும் எனக்குக் கேட்டது. என் காதின் லட்சணம் அவ்வளவு.

போன் திரும்ப என் கைக்கு வந்தபோது மகனின் குரல் மாறியிருந்தது. நோயாளியிடம் பேசும் குரல்.

“அப்பா, வயசானா காதுக்குள்ள இப்படிச் சத்தம் கேக்குமாம். பயப்பட ஒண்ணும் இல்ல.”

“என் காதுல இல்ல. பெட்டில இருக்கு.”

“ரெண்டு சவுண்டு கார்டு மாத்தியாச்சு. ஸ்பீக்கர் நல்லாருக்கு. அம்மாவுக்குக் கேக்கல, எனக்குக் கேக்கல. வேற என்னப்பா மிச்சம் இருக்கு?”

அவன் கூட்டிக் கழித்துப் பார்த்த விதம் சரிதான். அதுதான் எனக்கு எரிச்சல். அடுத்த முறை வரும்போது காது டாக்டரிடம் போவது என்று அவனே முடிவு செய்தான். அதோடு நிற்கவில்லை. இந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் இருவரும் செமினிக்கு வந்துவிட வேண்டும் என்றான். “காது சரியில்லாத ஆள நாலாவது மாடில விட்டுட்டு நான் எப்படித் தூங்கறது? நாளைக்கு ஒரு ஃபையர் அலாரம் அடிச்சா உங்களுக்குக் கேக்குமா?”

“இல்லாத சத்தம் கேக்குதுன்றே. இருக்கற சத்தம் கேக்காதுன்றே. ரெண்டுல ஒண்ணச் சொல்லு லா.”

“கோவப்படாதீங்கப்பா” என்றான். கோபப்படுவதும் வயதின் அடையாளம் என்று எங்கோ படித்திருப்பான்.

செமினிக்குப் போக எனக்கு இஷ்டமில்லை. கிள்ளானில் என் வீட்டிலிருந்து கொமுட்டர் ரயில் ஸ்டேஷனுக்குப் பதினோரு நிமிடம். யாரையும் கேட்காமல் போவேன், வருவேன். செமினியில் ரயில் இல்லை. கோயிலுக்குப் போக, முடி வெட்ட, ஒரு பேட்டரி வாங்க, எல்லாவற்றுக்கும் மகனுக்கு எப்போது நேரம் இருக்கும் என்று பார்த்துக் காத்திருக்க வேண்டும். அதையெல்லாம்விட, காது கெட்டு மூளை கலங்கிப் போனதால் கூட்டிவந்தோம் என்ற பெயரோடு ஒரு வீட்டுக்குள் நுழைய என்னால் முடியாது. ஆக எனக்கு இருந்த வழி ஒன்றே ஒன்று. இரைச்சல் உண்மை என்று நிரூபிப்பது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடி பிரிக்பீல்ட்ஸ் போனேன். கடைக்காரர் அதை வாங்கி, தன் கடையிலிருந்த கணினியில் மாட்டி, நான் கொண்டுபோன வீணையையே போட்டார். எண்ணினேன். பதினொன்று வரை நாதம் நின்றது. பதினொன்று. என் வீட்டில் நான் இழந்துகொண்டிருந்தது ஏழு.

“பெட்டி நல்லது அங்கிள்” என்றார் மலாயில். பிறகு கேள்விகள் கேட்டார். ஸ்பீக்கரும் லேப்டாப்பும் ஒரே பிளக்கிலா? ஆமாம். லேப்டாப் உடம்பைத் தொட்டால் கையில் சுருசுரு என்கிறதா?

எனக்கு மணிக்கட்டில் சுருசுருவென்று இருப்பது உண்மை. ஆனால் எனக்குச் சர்க்கரை இருக்கிறது. சர்க்கரை இருந்தால் கைகால் அப்படித்தான் இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். என் சர்க்கரை இவருக்கு எதற்கு? “அது என் உடம்புச் சமாச்சாரம்” என்றேன்.

அவர் தலையாட்டினார். பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: “இது சவுண்டு கார்டு பிரச்சினை இல்லை அங்கிள். ரூமா அங்கிள், பூமி தாக் அடா.”

உங்கள் வீட்டுக்குப் பூமி இல்லை.

பூமி என்ற சொல் இந்த நாட்டில் எங்கள் காதில் எப்படி விழும் என்பதை இங்கே பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வீடு என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பூமி என்ற சொல் வந்தால் அதற்கு ஒரே பொருள்தான். பூமிபுத்ரா என்னும் மண்ணின் மைந்தர் பட்டியல். அந்தப் பட்டியலில் இருப்பவருக்கு வீட்டு விலையில் கழிவு உண்டு, அவருக்கென்று ஒதுக்கிய வீடும் உண்டு. அந்தப் பட்டியலில் நான் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? வீடு வாங்கும்போது வங்கியிலும் கேட்டார்கள், வக்கீலும் கேட்டார். இப்போது ஒரு சவுண்டு கார்டு வாங்கவும் கேட்கிறார்களா?

“நான் பூமி இல்லைதான். நீயும்தான் இல்லை” என்று மலாயிலேயே சொன்னேன். “இரைச்சலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?”

அவர் வாயைத் திறந்து ஏதோ விளக்க வந்தார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். கீழே பூக்கடை வரைக்கும் “அங்கிள்! அங்கிள்!” என்று கேட்டது. நான் திரும்பவில்லை. இரண்டு நிமிடம் நின்றிருந்தால் எனக்குப் பதினாறு நாள் மிச்சமாகியிருக்கும்.

அந்தப் பதினாறு நாளும் அந்த வீட்டில் பேச்சு குறைவு. மகன் வர வேண்டிய ஞாயிறன்று பேரனுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு நிச்சயம் என்றான், டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டேன் என்றான். நான் ஒயரை மாற்றினேன், ஸ்பீக்கரை இடம் மாற்றினேன், ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன். ஃபிரிட்ஜை அணைத்ததற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அவளைக் கூப்பிட்டு “கேக்குது இல்ல?” என்பேன். “கேக்கல” என்பாள். முகத்தைக்கூடத் திருப்ப மாட்டாள். மொத்தம் இருபத்திரண்டு தடவை கேட்டேன். இருபத்திரண்டு தடவையும் அதே பதில்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது, காலையில் அவள் எனக்குக் காப்பி கொண்டுவந்தாள். மேசையில் இடமில்லை என்று லேப்டாப்பை நகர்த்தக் கையை வைத்தவள் வீல் என்று கத்திவிட்டாள். காப்பி என் நோட்டில் கொட்டியது.

“கரண்டு அடிக்குதுங்க!”

“கரண்டா? சுருசுருன்னு இருந்துச்சா?”

“சுருசுருவோ என்னவோ. நான் செத்துப் போனா வீண கேட்டுக்கிட்டே இருங்க.”

அவளே கீழே போய், அறிவிப்புப் பலகையில் எண் ஒட்டியிருந்த எலெக்ட்ரீஷியனுக்குப் போன் செய்தாள். நான் கூப்பிடவில்லை. இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்: அவள்தான் கூப்பிட்டாள்.

மத்தியானமே ஆள் வந்துவிட்டான். நாற்பது வயது மலாய்க்காரன், பந்திங் பக்கம் கிராமத்துக்காரன். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. அவள் தண்ணீர் கொடுத்தாள். அவன் மூலை அறை வாசலுக்கு வந்ததும் நான் ஸ்பீக்கரைப் போட்டேன். வீணையைப் போடவில்லை. வெறும் ஸ்பீக்கர்.

அவன் ஒரு காலை அறைக்குள் வைத்தபடியே நின்றான். “அடடா, இவ்வளவு சத்தமா! எப்படி அங்கிள் தாங்கறீங்க?” என்றான் மலாயில்.

முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் இருந்தேன். அதில் ஒருநாள்கூட ஒரு மனிதனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

சுவர் சாக்கெட்டைக் கழற்றினான். உள்ளே எட்டிப் பார்த்து, என்னையும் பார்க்கச் சொன்னான். இரண்டு ஒயர் இருந்தது. மூன்றாவது இருக்க வேண்டிய இடம் காலி.

“என் பேச்ச நம்பாதீங்க, நீங்களே பாருங்க. பூமி தாக் அடா.”

எர்த் ஒயருக்கு மலாயில் பூமி என்று பெயர். பிளக்கின் மூன்றாவது கால் போய்ச் சேருவது அதில். தப்பி வரும் மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். அது இல்லாததால் லேப்டாப்பின் உடம்பில் நின்றது, என் மணிக்கட்டில் சுருசுருத்தது, ஸ்பீக்கருக்குள் புகுந்து முனகியது. எத்தனை சவுண்டு கார்டு மாற்றினாலும் அதே ஒயர் வழியாகத்தான் வரும். பிரிக்பீல்ட்ஸ்காரர் இதைத்தான் சொன்னார். அந்த மனிதரிடம் நான் என்ன பேசினேன் என்பதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சாக்கெட் வீட்டோடு வந்ததல்ல. குடிவந்த வருடம் நான் கூடுதலாகப் போடச் சொன்னது. போட வந்தவன் மூன்று ஒயர் இழுக்க வேண்டும் என்றான். “மூணாவதுல கரண்டு போகுமா?” என்று கேட்டேன். போகாது என்றான். “போகாத ஒயர் எதுக்கு?” என்றேன். எனக்கு அப்போது அது மிகவும் புத்திசாலித்தனமான கேள்வியாகப் பட்டது.

எலெக்ட்ரீஷியன் அடுப்படிச் சாக்கெட்டிலிருந்து நீள ஒயர் ஒன்றை இழுத்து வந்து எல்லாவற்றையும் அதில் மாட்டினான். ஸ்பீக்கர் வாயை மூடிக்கொண்டது. மறுபடி பழையபடி மாட்டினான். ங்ங்ங். பிறகு வாசலில் நின்றிருந்த அவளைப் பார்த்து, சாதாரணமாக, மலாயில் கேட்டான்.

“ஆன்டி, டெங்கார்?”

கேட்கிறதா ஆன்டி.

“டெங்கார் லா” என்றாள் அவள், அதே வேகத்தில். “ஹரி-ஹரி டெங்கார்.”

கேட்காமல் என்ன, தினம்தினம் கேட்கிறது.

சொன்ன பிறகுதான் அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்று புரிந்தது. புடவைத் தலைப்பை இழுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் அவளையே பார்த்தேன். அவள் எலெக்ட்ரீஷியனைப் பார்த்தாள். அவன் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, சனிக்கிழமை வந்து மூன்று ஒயரும் இழுத்துத் தருகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

கதவைச் சாத்தினேன்.

“இருபத்திரண்டு தடவ கேட்டேன்.”

“நீங்க எங்க கேட்டீங்க? ‘கேக்குது இல்ல?’ன்னு மெரட்டுனீங்க. அவன்தான் கேக்குதான்னு கேட்டான்.”

“ஆரம்பத்துலேர்ந்தே கேட்டுச்சா?”

“முதல் நாளே கேட்டுச்சு. அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. தலவலியே வந்துச்சு.”

“அப்போ ஏன் இல்லைன்னே? எனக்கு மூள கலங்கிடுச்சின்னு அவன் நெனைக்கட்டும்னா?”

“ஆமா” என்றாள்.

இதை அவள் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து, புடவையைக் கொஞ்சம் தூக்கி, வலது முட்டியைக் காட்டினாள். பக்கத்து முட்டியைவிட ஒன்றரை மடங்கு வீங்கியிருந்தது.

“இந்த வருஷம் நாலு தடவ சொன்னேன், கீழ போயிடலாம்னு. நீங்க என்ன சொன்னீங்க? லிப்ட் வாரத்துல அஞ்சு நாள் ஓடுது, சராசரியா பாத்தா பரவாயில்லன்னீங்க. என் முட்டிக்கு சராசரி தெரியுமா? நான் செமினின்னு சொன்னா நீங்க பதினஞ்சு காரணம் எண்ணுவீங்க. அவன் சொன்னாத்தான் நடக்கும். அவனாச்சும் உங்களக் கூட்டிட்டுப் போவான், பின்னாடியே நானும் போயிடலாம்னு பாத்தேன்.”

“அதுக்கு என் காதையா அடகு வைப்பே?”

“உங்க காதுக்கு ஒண்ணும் இல்லன்னு எனக்குத் தெரியும்ல. அப்புறம் என்ன?”

இப்படி ஒரு நியாயத்தை நான் துறைமுகத்தில்கூடக் கேட்டதில்லை.

அன்று சாயங்காலம் மகனுக்குப் போன் செய்தேன். எலெக்ட்ரீஷியன் வந்ததைச் சொன்னேன். இவ்வளவு சத்தமா என்று அவன் வாசலிலேயே கேட்டதைச் சொன்னேன். ஒயர் கதையைச் சொன்னேன். அடுப்படிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுபோயிருந்தது.

“அம்மா எப்படிப்பா கேக்கலன்னாங்க?”

“அத அவகிட்டயே கேளு. மலாய்ல கேளு. தமிழ்ல கேட்டா உண்மை வராது.”

“என்னப்பா சொல்றீங்க?”

“காது டாக்டர் வேணாம். முட்டி டாக்டரப் பாரு. உங்கம்மாவுக்கு. ஞாயித்துக்கெழம.”

“அப்போ செமினி?” என்றான்.

“முதல்ல என் காது நல்லாருக்குன்னு ஒத்துக்க.”

“ஒத்துக்கறேன்ப்பா.”

“உன் பொண்டாட்டிகிட்டயும் சொல்லு. நாங்க வர்றது முட்டிக்காக. காதுக்காக இல்ல. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்.”

“முட்டின்னே சொல்லுங்க. எனக்கென்ன வந்துச்சு” என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது.

செமினிக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. நான் நினைத்தது போலவே ரயில் இல்லை, கொசு உண்டு. அவள் காலையில் இந்த வீட்டு வரிசைப் பெண்களோடு பூங்காவரை நடந்துவிட்டு வருகிறாள். நாற்பது நிமிடம். முட்டி வீக்கம் குறைந்திருக்கிறது என்று அவள் சொல்கிறாள். நான் அளக்கவில்லை. நான் இன்னும் அவளிடம் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை.

பக்கத்து வீட்டு ஆன்டி நல்ல மாதிரி. தினமும் வேலியருகே வந்து நின்று, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்து, “அங்கிள்! சாப்... டாச்... சா!” என்று தெருக்கோடிவரை கேட்கும்படி கத்துகிறார். ஏன் இப்படிக் கத்துகிறார் என்று மருமகளை விசாரித்தேன். பூங்காவில் இங்கே எதற்கு வந்தீர்கள் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். “பாவம், அவருக்குக் காது” என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள்.

எனக்கு நன்றாகக் கேட்கிறது என்று அந்த ஆன்டியிடம் இதுவரை பத்தொன்பது தடவை சொல்லிவிட்டேன். ஒவ்வொரு தடவையும் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த நாள் இன்னும் ஒரு படி சத்தமாகக் கேட்கிறார்.